இருபத்தொரு ஜன்னல்

கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் வைத்தேன், அது ஒன்று. நடுக்கணு இரண்டு. நுனி மூன்று. ஹாலில் மூன்று ஜன்னல். விரலுக்கு மூன்று கணு, நாலு விரலுக்குப் பன்னிரண்டு, கட்டைவிரல் எண்ணுகிற ஆள், அவனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் வலது பக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதை விடாமல் அறை அறையாகச் சுற்றி வர வேண்டும், அப்போது எந்த ஜன்னலும் தப்பாது. இது எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்த பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் விலை சொன்னதில்லை. கம்பெனியில் அதற்கென்று ஆள் இருந்தான், கீழே நின்று போனில் படம் பிடித்து இத்தனை சதுர அடி என்று சொல்லிவிடுவான், நாங்கள் மேலே போய்த் துடைப்போம். இப்போது துடைப்பவனும் நான்தான், விலை சொல்பவனும் நான்தான். இந்த அம்மா என் கூடவே வருகிறார். வைஜயந்தி மேடம், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெருமுனை வாட்ச்மேன் சொன்னார். மேனேஜர்தான், சந்தேகமே இல்லை, ஒவ்வொரு அறைக்குள்ளும் நான் நுழைவதற்குமுன் லைட்டைப் போடுகிறார், நான் வெளியே வந்ததும் அணைக்கிறார். போன மாதம் கண் ஆபரேஷன் செய்துகொண்டாராம். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லா ஜன்னலும் அழுக்காக இருந்ததாம். இத்தனை வருஷமும் கோளாறு கண்ணில்தான் என்று நினைத்திருந்தாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன், சிரித்ததில் கட்டைவிரல் நழுவிவிட்டது, மூன்றா நாலா தெரியவில்லை, திரும்ப ஹாலைப் பார்த்தேன். மூன்றுதான். தோட்டத்துப் பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு, அது தனி.

சாப்பாட்டு அறையில் ஒன்று, நாலு. நாலாவது வீடு இது. முதல் வீட்டில், ஆதம்பாக்கத்தில், கம்பெனிக்காரன் மாதிரி சதுர அடிக்கு இவ்வளவு என்று சொன்னேன், அவர்கள் வீட்டைச் சதுர அடியாக நினைத்துப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் கேட்ட நொடியிலேயே சொன்னேன், அவ்வளவு சீக்கிரம் வாயில் வந்த விலை உண்மையான விலையாக இருக்காது என்று அந்த ஆள் முகத்தில் எழுதியிருந்தது. மூன்றாவது வீட்டில் நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்றேன். இதைப் போல ஒரு மடத்தனம் கிடையாது. பார்த்துக் கொடுங்கள் என்பவனுக்கு யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள், மறுநாள் வேறு ஆள் வந்து துடைத்துக்கொண்டிருந்தான், நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன், அவன் வைப்பரைப் பிடித்திருந்த லட்சணத்துக்கு அழுகை வந்தது. என் மனைவி அமுலுவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. தையல் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டுக்காரம்மா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, எவ்ளோப்பா ஆகும் என்று என்னைக் கேட்டாள். எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு ஜன்னல், அதற்கு விலை சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. "நீ மொதல்ல தொண்டைய கனைக்காத," என்றாள். "கனைச்சா பொய் சொல்லப் போறன்னு தெரிஞ்சிடுது." மகள் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் கனைக்காமல் சொல்லிப் பழகினேன். நேற்று மட்டும் முப்பது தடவை சொல்லியிருப்பேன்.

சமையலறையில் இரண்டு. ஐந்து, ஆறு. மோதிர விரல் இன்னும் தொடவில்லை. விரலை எச்சில் படுத்திக் கண்ணாடியில் தேய்த்தேன், மேடம் முகத்தைச் சுளித்தார், பரவாயில்லை. ஈரத்தில் கறை மறைந்து, காய்ந்ததும் திரும்ப வெள்ளையாக வந்தால் அது உப்பு. இது நீலாங்கரை, கடல் கூப்பிடு தூரம், கிழக்குப் பக்கம் எல்லாம் உப்புதான் இருக்கும். உப்பென்றால் ஒரு ஜன்னலுக்கு நூற்றைம்பது, சாதா அழுக்கென்றால் எண்பது. அமுலுவும் நானும் உட்கார்ந்து முடிவு செய்தது. ஆறு. ஆறுக்குப் பிறகு ஏழு. ஏழு, மூன்று, சைபர், நாலு. சனியன் பிடித்த எண். எதை எண்ணினாலும் ஏழு வந்ததும் மூன்று, சைபர், நாலு என்று ஓடிவிடுகிறது, அதற்குமேல் எட்டு வருவதில்லை. படுக்கையறையில் இரண்டு, ஏழு, எட்டு, கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டேன், நகம் கணுவில் பதிந்து வலித்தது, வலித்தால் மறக்காது. பூஜை அறையில் ஒரு சின்ன ஜன்னல், ஒன்பது. கீழே ஒன்பது. கோபிநாத் பன்னிரண்டு மணிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறான். கயிற்று வேலையில் எங்களுக்கு சூப்பர்வைசராக இருந்தவன், இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் பதினாலு மாடிக் கட்டிடம் ஒன்று எடுத்திருக்கிறான், திங்கட்கிழமை ஆரம்பம், வருகிறாயா இல்லையா, ஒரு வார்த்தை சொல், எனக்கு ஆள் வரிசையில் நிற்கிறது என்கிறான். இந்த வீடு கிடைத்தால் வரவில்லை என்று சொல்லிவிடலாம். இந்த வீடு கிடைத்தால் இந்தத் தெருவில் இன்னும் நாலு வீடு இருக்கிறது, எல்லாம் என் தோழிகள் வீடுதான், வேலை பிடித்திருந்தால் நானே சொல்கிறேன் என்று மேடம் நுழையும்போதே சொன்னார். நாலு வீடு பத்து வீடாகும். தரையில் நின்று செய்கிற வேலை. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை கயிறு. வேறு வழி இல்லை, பதினோரு மாதமாக எல்லா வழியையும் பார்த்தாகிவிட்டது, மூட்டை தூக்கினேன், வாட்ச்மேனாக உட்கார்ந்தேன், ஒன்றும் நிற்கவில்லை. மகள் தலையில் என் கையை வைத்து அமுலு சத்தியம் வாங்கியிருக்கிறாள், இனி கயிற்றில் ஏறுவதில்லை என்று. அந்தத் தலை இப்போது ஒன்பதாவது படிக்கிறது, இரட்டைப் பின்னல் போட்டுக்கொள்கிறது.

மேலே போகலாமா என்றார் மேடம். போகலாம் மேடம். படியில் கால் வைத்தேன், வலது கைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன், கண்ணைப் படியில் வைத்தேன். இப்போதெல்லாம் எந்தப் படியிலும் அப்படித்தான். அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றுகிறது, எட்டிப் பார்த்தாலும் சுற்றுகிறது, பேருந்து நிலையத்து மேம்பாலத்தில்கூட நடுவிலேயே நடக்கிறேன். படியில் நல்ல வெளிச்சம், சலவைக்கல்லில் என் நிழல் வலது பக்கமாகச் சாய்ந்து கூடவே ஏறியது. ஒன்று, இரண்டு, இது ஜன்னல் கணக்கில்லை, படிக் கணக்கு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏகாம்பரம் படியே ஏற மாட்டான், லிஃப்ட் வரும்வரை எவ்வளவு நேரமானாலும் நிற்பான், கால் மனுஷனுக்கு எதற்கு, கயிறு இருக்கும்போது என்பான். பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கயிற்றில் தொங்கினோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது, எந்தக் கம்பெனியும் எழுதி வைக்காதது. அவனவன் முடிச்சை அவனவன் போடுவான், மற்றவன் அதைப் பார்ப்பான், இரண்டு தடவை இழுப்பான், முதுகில் ஒரு தட்டுத் தட்டி, இருக்கு என்பான். அந்தச் சொல் காதில் விழாமல் யாரும் கைப்பிடிச் சுவரைத் தாண்ட மாட்டோம். தாண்டுகிறவன் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டான், அவனுக்கு அந்தத் தட்டு போதும். அன்றைக்கு ஒன்பதாவது மாடி. காலையில் வெயில்கூட ஏறவில்லை. அமுலு போன் செய்தாள், கேஸ் சிலிண்டர் வந்து வாசலில் நிற்கிறது, உன் நம்பருக்கு ஒரு எண் வந்திருக்கும், சொல்லு, அந்த ஆள் போயிடுவான். நான் ஒரு கையில் போனைப் பிடித்து எண்ணைப் படித்தேன். ஏழு, மூன்று, சைபர், நாலு. இன்னொரு கையால் ஏகாம்பரத்தின் முதுகில் தட்டினேன். இருக்கு என்றேன். பார்க்கவில்லை. அவன் விழுந்து செத்த பிறகு, கயிறு பழசு என்று சொல்லி விசாரணையை முடித்தார்கள். பழசாக இருந்திருக்கலாம். முடிச்சு சரியாக இருந்திருக்கலாம். நான் பார்க்கவில்லை, அதனால் எனக்குத் தெரியாது, இனி எப்போதும் தெரியப் போவதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அமுலுவிடம் எப்படிச் சொல்வது, அந்த எண்ணைக் கேட்டவளே அவள்தானே. பதினெட்டுப் படி. மேலே வந்துவிட்டோம்.

மாடியில் முதல் அறையில் நாலு ஜன்னல். ஒன்பதோடு நாலு பதின்மூன்று. ஒரு கை முடிந்து அடுத்த கைக்கு வந்துவிட்டேன், வலது கையை மடக்கி வைத்துக்கொண்டேன், அதைத் திறந்தால் பன்னிரண்டும் கொட்டிவிடும் என்று ஒரு பயம். ஜன்னல் அருகே போனேன், வெளியே பார்க்கவில்லை, சட்டத்தைப் பார்த்தேன். தள்ளுகிற ஜன்னல், வெளியே இரும்புக் கம்பி, உள்ளே கொசுவலை. கடவுளே, தள்ளுகிற ஜன்னல். சந்தோஷத்தில் ஒரு கதவை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கி, அடியைச் சாய்த்து இழுத்தேன், தடத்திலிருந்து கழன்று கைக்கு வந்துவிட்டது. மேடம் பதறிவிட்டார். ஒன்றும் ஆகாது மேடம், இப்படிக் கழற்றித் தரையில் துணி விரித்து வைத்துவிடுவேன், இரண்டு முகமும் துடைத்துத் திரும்ப மாட்டிவிடுவேன், எட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை என்றேன். எங்கேயும் ஏறவே வேண்டாம். அதே வேகத்தில் ஜன்னலைத் திரும்ப மாட்டினேன். இரண்டாவது அறையில் மூன்று, பதினாறு. புத்தக அறையில் மூன்று, பத்தொன்பது. குளியலறை இரண்டு, இருபது, இருபத்தொன்று. பால்கனிக்கு ஒரு கண்ணாடிக் கதவு, கீழே உள்ளதோடு இரண்டு. கடலுக்கு எதிராக இருப்பவை கீழே மூன்று, மேலே ஆறு. ஒன்பதுக்கு நூற்றைம்பது, பன்னிரண்டுக்கு எண்பது, கதவுக்கு முந்நூறு, எல்லாம் சேர்ந்து மூவாயிரத்துக்குத் தொண்ணூறு குறைச்சல். மூவாயிரத்து ஐந்நூறு சொல்ல வேண்டும், அவர் இரண்டாயிரத்து ஐந்நூறு என்பார், மூவாயிரத்தில் நிற்போம். பால்கனியில் அவர் நின்று, அதோ பாருங்கள், ஆபரேஷனுக்கு அப்புறம் அலையோட வெள்ளைகூடத் தெரிகிறது என்று காட்டினார். நான் அவருடைய விரலைப் பார்த்தேன், விரலுக்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆமாம் மேடம், நல்லாத் தெரியுது என்றேன்.

இறங்கும்போதும் படியைப் பார்த்தபடியே இறங்கினேன், வாய்க்குள் மூவாயிரத்து ஐந்நூறு, மூவாயிரத்து ஐந்நூறு என்று ஜெபம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கீழே உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தார், குடித்தேன். குடிக்கிற நேரத்தில் அவர் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவசரமாகக் குடித்ததில் புரை ஏறிவிட்டது, இருமினேன், இருமல் கனைப்பில் சேருமா, அமுலு இருந்தால் சேரும் என்பாள். சொல்லுங்க, எவ்ளோ ஆகும் என்றார். விலை என்பது எத்தனை ஜன்னல் என்பதில் இல்லை, எவ்வளவு அழுக்கு என்பதிலும் இல்லை, கேட்டதற்கும் சொல்வதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதில் இருக்கிறது. ரொம்பச் சீக்கிரம் சொன்னால் பொய், ரொம்பத் தாமதித்தால் அது பெரிய பொய். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், புதிதாகச் செய்த கண், எல்லாம் தெரியும் அதில், என் சட்டைக் காலரின் கிழிசல், உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு, வேண்டும் வேண்டும் என்று நான் கெஞ்சிக்கொண்டு நிற்பது. மூவாயிரத்து ஐந்நூறு மேடம். கனைக்காமல் சொல்லிவிட்டேன். சொன்னதும் காது அடைத்துக்கொண்டது.

"சரி," என்றார்.

அவ்வளவுதான். பேரம் இல்லை. குறைக்கக்கூடாதா என்று ஒரு வார்த்தை இல்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம், நான் கணக்கைத் திரும்ப எண்ண ஆரம்பித்தேன். வங்கியில் மேனேஜராக இருந்தவர் பேரம் பேசாமல் சரி என்கிறார் என்றால் அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை. எதை விட்டேன். ஹால் மூன்று, சாப்பாட்டு அறை ஒன்று, சமையலறை இரண்டு, வலது சுவரை விடவே இல்லையே, எங்கேயும் விடவில்லை. கையை விரித்துப் பார்த்தேன், கணுவில் நகம் பதிந்த தடம் இருந்தது.

"திங்கக்கிழமை வந்துடுங்க பாபு," என்றார். டில்லிபாபு என்று அட்டையில் இருந்ததில் பாதியை எடுத்துக்கொண்டார். "படிக்கட்டுக் கண்ணாடியும் அந்தக் கணக்குல இருக்கு இல்லையா? உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. பக்கத்துச் சந்துல ஏணி வைக்க இடமில்ல, மேல இருந்து தொங்கித்தான் துடைக்கணும், எங்களால ஆகாதுன்னுட்டாங்க. அப்புறம்தான் வாட்ச்மேன் உங்க கார்டைக் குடுத்தாரு. படமே போட்டிருக்கீங்களே, அதான் உங்களக் கூப்பிட்டேன்."

திரும்பினேன். படிக்கு இடது பக்கம், தரையில் ஆரம்பித்து மொட்டைமாடிவரைக்கும், ஒரே கண்ணாடி. இருபத்திரண்டு அடியாவது இருக்கும். அசையாத கண்ணாடி, சட்டத்தில் பூட்டியது, கழற்ற முடியாது, வெளி முகம் முழுக்க உப்பு படிந்து வெயிலில் பால் மாதிரி இருந்தது. இவ்வளவு பெரியதை எப்படி விட்டேன். இதன் வெளிச்சத்தில்தானே ஏறினேன், இதன் வெளிச்சத்தில்தானே இறங்கினேன், என் நிழலைக்கூடப் பார்த்தேனே, நிழல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. பதினெட்டுப் படியையும் எண்ணினேன், கழுதை. அட்டையில் படம் போட்டவன் அமுலுவின் தம்பி, அச்சகத்தில் வேலை, கயிற்றில் தொங்குகிற ஒருவனை எங்கிருந்தோ எடுத்துப் போட்டுவிட்டான், நல்லா இருக்குது மாமா, கெத்தா இருக்குது என்றான், மறுபடி அச்சடிக்க மனமில்லாமல் ஐந்நூறு அட்டையையும் வாங்கி வந்தேன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஜன்னலுக்காக இல்லை, ஜன்னல் யார் வேண்டுமானாலும் துடைப்பார்கள். இல்லை மேடம், அது கணக்கில் வராது என்று சொல்லலாம். சொன்னால் சரி போய்வாருங்கள் என்பார், நாலு தோழிகளும் போவார்கள், வெளியே போய் கோபிநாத்துக்கு ஒரு வார்த்தை, திங்கட்கிழமை பதினாலு மாடி. வரும் என்று சொன்னால் திங்கட்கிழமை இரண்டு மாடி. எப்படிச் சொன்னாலும் திங்கட்கிழமை கயிறுதான். இரண்டு மாடி எங்கே, பதினாலு எங்கே. இருபத்திரண்டு அடியில் ஒருவன் சாக மாட்டான் என்று சொல்ல முடியாது, சாகலாம், ஆனால் சாகாமலும் இருக்கலாம். என் முடிச்சை யார் பார்ப்பார்கள். நான் தனியாள். யார் இழுத்துப் பார்ப்பார்கள், யார் முதுகில் தட்டுவார்கள். ஏகாம்பரம், டேய், எனக்குப் பயமாக இருக்கிறது. ஏழு, மூன்று, சைபர், நாலு.

"பாபு? கணக்குல இருக்கா?"

"இருக்கு மேடம்," என்றேன்.

கேட்ட மாத்திரத்தில் வந்தது, கனைப்பு இல்லாமல், நடுக்கம் இல்லாமல். அவர் முகம் மலர்ந்தது. இந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும், ஒன்பதாவது மாடியில் இதே குரலில்தான் சொன்னேன், கேட்டவனுக்குச் சந்தேகமே வராது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தூண் இருக்கிறதாம், கயிறு கட்ட அது தாங்குமா என்று இப்போதே போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுகிறீர்களா என்று கேட்டார்.

"வேணாம் மேடம், அதெல்லாம் பாத்தாச்சு."

மோர் டம்ளரை வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கிடைத்ததா என்று கேட்கத்தான், அமுலு. அடித்துக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை நான் எடுக்கவில்லை.